93 ஜனவரியில் காணாமல் போன மாமா: உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

90 அடி ரோடு:
அந்த ஜனவரியை மும்பைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1993, மும்பைக் கலவரம். ஊரடங்கைத் தளர்த்திய நேரத்தில், பால் வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளியோடு தாராவி வீட்டிலிருந்து கிளம்பினார் சின்ன மாமா. 22 வயது. அப்புறம் அவரையும் காணோம், தூக்குவாளியையும் காணோம். சயான் ஆஸ்பத்திரி, ஜே.ஜே. பிணவறை என்று தாத்தா ஏறி இறங்காத இடமில்லை.

என்னை அரிப்பது 2009. குர்லா ஸ்டேஷனில் பன்வேல் வண்டிக்கு நிற்கிறோம். அம்மா திடீரென்று என் கையை உதறிவிட்டு, "ஏல, தம்பி!" என்று கத்தினாள். எட்டடி தள்ளி நின்ற ஆள் திரும்பினார். நரைத்த தாடி, கக்கத்தில் ரெக்சின் பை. அம்மாவையே பார்த்தார். வலது காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பதில் தெரியாதபோது மாமா அப்படித்தான் இழுப்பாராம். வண்டி வந்தது, கூட்டம் தள்ளியது, அவர் ஏறிவிட்டார். விழுந்துவிடுவாள் என்ற பயத்தில் நான் அம்மாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடிக்காமல் விட்டிருந்தால்?

கோளிவாடா:
தப்பாக நினைக்க வேண்டாம். குர்லாவில் "ஏல" என்று கூப்பிட்டால் திருநெல்வேலிக்காரன் எவனும் திரும்புவான். 1998-ல் கல்யாண் ஸ்டேஷனில் டீ வாங்க இறங்கிய என் அண்ணன் இன்னும் வரவில்லை. பத்து வருஷம் பார்த்த முதுகெல்லாம் அவன் முதுகுதான். ஒருமுறை ஒருவர் பின்னாலேயே விக்ரோலி வரை போய்விட்டேன். அவர் பயந்துபோய் பர்ஸை எடுத்து நீட்டினார். அந்தக் கை நடுங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

செம்பூர்:
கோளிவாடா, அப்படியானால் காது மடலுக்கு என்ன சொல்கிறீர்கள்? அந்த அம்மா பார்த்ததை நாம் மறுக்க வேண்டாம். எங்கள் அத்தையும் 87-ல் போனவர்தான், கிடைக்கவில்லை, அதை விடுங்கள். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கர்ஜத்தில் டாக்டர் பரத் வட்வானியின் ஷ்ரத்தா மறுவாழ்வு மையம் இருக்கிறது. மனம் பேதலித்துத் தெருவில் திரிபவர்களுக்கு வைத்தியம் பார்த்து, தெளிந்ததும் ஊரைக் கேட்டு, வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். 2018-ல் மகசேசே விருது பெற்றவர் அவர். படத்தோடு நேரில் போங்கள். அடுத்தது, தாத்தா கொடுத்த புகாரின் நகலைத் தேடி எடுங்கள். ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம் 108-வது பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏழு வருஷம் அப்படியேதான். வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் இருந்தால் இறந்தவர் என்ற உத்தரவைக் கோர்ட்டில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. நம்பிக்கையை மட்டும் விடாதீர்கள். அந்தேரியில் 2013-ல் காணாமல் போன ஏழு வயதுச் சிறுமி 2022-ல் கிடைக்கவில்லையா?

கோளிவாடா:
ஒன்பது வருஷமும் முப்பது வருஷமும் ஒன்றா? அந்தக் குழந்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அப்புறம், கோர்ட்டில் போய் இறந்துவிட்டான் என்று கேட்கச் சொல்கிறீர்களே, அதை அந்த அம்மாவிடம் யார் சொல்வது? என் அம்மாவிடம் நான் சொன்னேன். ஒரு வாரம் சாப்பிடவில்லை.

90 அடி ரோடு:
கோர்ட் வேண்டாம். அம்மா இருக்கும்வரை ரேஷன் கார்டில் மாமா பெயர் இருக்கட்டும். கர்ஜத் போகிறேன். எங்களிடம் ஒரே படம்தான், கூட்டாளிகள் நாலு பேரோடு எடுத்தது. முகம் விரல் நகம் அளவு. பெரிதாக்கித் தருகிற ஸ்டூடியோ தெரியுமா?

மாட்டுங்கா:
நெகட்டிவ் இருந்தால்தான் தெளிவாக வரும். அந்த நாலு பேரில் யார் வீட்டிலாவது இருக்கலாம், முதலில் அங்கே கேளுங்கள்.