பொள்ளாச்சி: தார்ச்சாலைக்கும் வாய்க்கால் கரைக்கும் ஒரே சைக்கிள், 20,000 ரூபாய்க்குள் எது?

பள்ளி ஆசிரியை
வணக்கம். வீட்டிலிருந்து பள்ளிக்கு 9 கிலோமீட்டர். பெரும்பகுதி தார்ச்சாலை, மீதி பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையும் தென்னந்தோப்பு மண் பாதையும். விடுமுறையில் ஆழியாறு வரை ஓட்ட ஆசை. என் உயரம் 158 செ.மீ. 20,000 ரூபாய்க்கு மேல் புரட்ட முடியாது.

கடையில், முன்பக்கம் ஷாக் அப்சார்பரும் 29 அங்குலச் சக்கரமும் உள்ள மலைச் சைக்கிளைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன். தார்ச்சாலையில் டயர் உறுமுகிறது. அழுத்தி மிதித்தால் முன்பக்கம் அமுங்கி அமுங்கி எழுகிறது. மெல்லிய டயர் ரோடு சைக்கிள் வாங்கச் சொல்கிறான் தம்பி. எதைக் கேட்பது?

கோவை மிதிவண்டிக்காரர்
இரண்டும் வேண்டாம், சகோதரி. உங்கள் பாதைக்கு ஹைப்ரிட் சைக்கிள்தான், அதாவது மலைச் சைக்கிளுக்கும் ரோடு சைக்கிளுக்கும் நடுவானது. ஷாக் இல்லாத நேரான போர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), 700 x 38 டயர் (700 சக்கர அளவு, 38 எம்.எம். டயரின் அகலம்). இவை இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

இந்த விலையில் வரும் ஷாக் பெரும்பாலும் வெறும் இரும்புச் சுருள்தான். அது மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். வாய்க்கால் கரையின் அதிர்வை 38 எம்.எம். டயரே தாங்கிக்கொள்ளும், காற்றைச் சரியாக வைத்தால். காற்றழுத்தம் தார்ச்சாலைக்கு 50 பி.எஸ்.ஐ., மண் பாதைக்கு 40 என்று தொடங்கி, உங்கள் எடைக்கேற்பக் கூட்டிக் குறையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையை மட்டும் தாண்ட வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை அளவுதான். கடையில் இருப்பு இருக்கிறது என்பதற்காகப் பெரிய பிரேமைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சீட்டுக்கு முன்னால் இரு கால்களையும் தரையில் ஊன்றி நில்லுங்கள். மேல்குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் உயரத்துக்கு எஸ் அளவு சரியாக இருக்கும்.

பழுது பார்ப்பவர், உடுமலை
மேலே அண்ணன் சொன்னது சரி. பின்சக்கரத்தையும் பாருங்கள். அதில் இருக்கும் கியர் பற்சக்கரத் தொகுதி பிரீவீலா, கேசட்டா என்று கேளுங்கள். பிரீவீல், ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) திருகி மாட்டுவது; வலப்பக்கம் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சு வளையும். குழியில் இறங்கி வளைந்த அச்சோடு என் கடைக்கு வருபவர்கள் ஏராளம். கேசட்டில் பேரிங் வெளிவிளிம்புக்கு அருகில் இருக்கிறது, அதனால் அச்சு தாங்கும். 8 கியர் என்று எழுதியிருந்தாலே கேசட் என்று நம்பிவிடாதீர்கள். 8 கியர் பிரீவீலும் உண்டு.

டிஸ்க் பிரேக்குக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மழையில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக்கின் கட்டையை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

பள்ளி ஆசிரியை
மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். கரையெங்கும் நெருஞ்சி முள். எங்கள் ஊர்க் கடையில் 700 டியூப் கிடைப்பதில்லை. பழைய கறுப்புச் சைக்கிளின் 28 அங்குல டயர் பொருந்துமா?

பழுது பார்ப்பவர், உடுமலை
டயர் பொருந்தாது, அக்கா. டயரின் பக்கவாட்டைப் பாருங்கள்: 700-இல் 622 என்றும் கறுப்புச் சைக்கிளில் 635 என்றும் இருக்கும். அது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். வாங்கும்போதே உபரி டியூப் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கார் டயரில் இருப்பது போன்ற வால்வு உள்ளதாகக் கேளுங்கள். பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம். டியூபுக்குள் சீலன்ட் (ஓட்டையடைக்கும் திரவம்) ஊற்றினால் நெருஞ்சி போடும் சிறு ஓட்டை தானே அடைபடும்.

பஞ்சரானால் புது டியூபை மாட்டும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். துணியின் நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. அதைப் பிடுங்காமல் மாட்டினால் பத்தடி தள்ளி மறுபடியும் இறங்க வேண்டியதுதான்.

பள்ளி ஆசிரியை
இன்று கடைக்குப் போய் நின்று பார்த்தேன். அவர்கள் காட்டிய எம் அளவில் மேல்குழாய் உடம்பில் இடித்தது. எஸ் அளவு ஹைப்ரிட், 38 எம்.எம். டயருடன், வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்சக்கரம் கேசட்தானா என்று வண்டி வந்ததும் பார்த்த பிறகே பணம் கட்டுவேன்.