செம்பனை ஆலை பயோகேஸுக்கு ஜியோலைட் சவ்வு சரிப்படுமா?

பாய்லர்பையன்:
கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. கழிவுநீர்க் குளத்தை மூடி பயோகேஸ் பிடிக்கிறோம், மூடின ஷீட் கூடாரம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். அதில் மீத்தேன் சுமார் 60 சதவீதம், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அதைப் பிரிக்க ஜியோலைட் சவ்வு இருக்கிறதாமே? அம்மாவுக்கு வைத்திருக்கிற ஆக்சிஜன் மெஷினிலும் ஜியோலைட்தான் என்றார்கள். இரண்டும் ஒரே சாமானா?

லேப்வாசி:
இனம் ஒன்று, வேலை வேறு. ஜியோலைட் என்றால் மூலக்கூறு அளவுக்குச் சின்னத் துளைகள் நிறைந்த படிகம். உங்கள் அம்மா மெஷினில் ஜியோலைட் மணிமணியாக இருக்கும். அழுத்தம் ஏறும்போது நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், இறங்கியதும் துப்பிவிடும், அந்த 'புஸ்' சத்தம் அதுதான். சவ்வில் வாயு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். அலுமினா என்ற பீங்கான் குழாய்மேல் சில மைக்ரான் கனத்துக்குப் படிகங்களை நெருக்கி வளர்ப்பார்கள். சாப்போ-34 என்ற வகையில் துளை 0.38 நானோமீட்டர். கரியமில வாயு மூலக்கூறு 0.33, சுலபமாகப் போய்விடும். மீத்தேனும் 0.38, வாசலிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். போதாததற்குக் கரியமில வாயு துளைச் சுவரில் நன்றாக ஒட்டி, மீத்தேனுக்கு இடமே விடாது. நமக்கு வேண்டிய மீத்தேன் அழுத்தம் குறையாமல் இந்தப் பக்கமே தங்கிவிடுவது இதில் நல்ல விஷயம்.

பாய்லர்பையன்:
அப்போ குளத்துக் கேஸை நேரே விட்டுவிடலாமா அண்ணே?

பழையபைப்:
அவசரப்படாதீங்க தம்பி. குளத்துக் கேஸ் ஈரம். தண்ணீர் மூலக்கூறு இன்னும் சின்னது, இந்த வகை ஜியோலைட்டுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை, அது போய்த் துளையில் உட்கார்ந்துவிட்டால் கரியமில வாயுவுக்கு வழி ஏது? (ஜப்பானில் அந்தத் தாகத்தையே வேலைக்கு வைத்து, வேறொரு ஜியோலைட் சவ்வால் எத்தனாலிலிருந்து தண்ணீரை எடுக்கிறார்கள்.) முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடை எடுக்கணும், அப்புறம் நன்றாக உலர்த்தணும். சிலிக்காவாகவே இருக்கிற டிடிஆர் வகை ஜியோலைட் தண்ணீரை அவ்வளவு இழுக்காது, ஆனால் குழாயில் எங்கேயாவது ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் இரண்டு வாயுவும் அந்த வழியாகப் போய்விடும், விலையும் பாலிமர் சவ்வைவிட அதிகம்.

சரி, கேஸ் எதுக்கு? எஞ்சினில் எரித்து கரண்ட் எடுக்கத்தான் என்றால் கரியமில வாயுவைப் பிரிக்கவே வேண்டாம். சல்பைடையும் ஈரத்தையும் குறைத்தால் போதும்.

பாய்லர்பையன்:
லோரிக்குச் சிலிண்டரில் அடைக்க மேனேஜர் ஆசைப்படுகிறார். அப்படியென்றால் முதலில் ட்ரையர் விலை விசாரிக்கணும். கேஸ் பைப்பின் அடி வால்வைத் திறந்தால் தினமும் ஒரு வாளித் தண்ணீர் வருகிறது, இவ்வளவு நாளாக அதைக் கால்வாயில் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.