புதுப்பிப்பு: காலப்பயணக் கதைக்கு நாழிகை வட்டில்
திருவையாற்றிலிருந்து இராசராசன் காலத்துக்குச் செல்லும் என் கதைநாயகிக்கு எந்த மாயப்பொருளைக் கொடுப்பது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். மோதிரம், ஓலைச்சுவடி, மரக்கால் எனப் பலவற்றைச் சொன்னீர்கள். பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘ஆடவல்லான்’ என்றே பெயர் பெற்ற மரக்கால் என்னை வெகுவாக ஈர்த்தது. ஆனால் அது நெல்லை அளப்பது, காலத்தை அன்று.

ஆகவே நாழிகை வட்டிலையே தேர்ந்தெடுத்துவிட்டேன். அடியில் ஊசித்துளை உள்ள அந்தச் சிறு செப்புக் கிண்ணம் நீரில் மிதந்து, துளித்துளியாக உள்வாங்கி, ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில் மூழ்கும்போது எழும் கடைசிக் குமிழியில்தான் அவள் காலம் மாறுகிறாள். காவிரி நீரில் மட்டுமே அது இயங்கும் என்று விதித்திருக்கிறேன். மேட்டூர் அணை 1934-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது என்பதால், கோடையில் ஆறு வற்றிய சோழநாட்டில் சிக்கிக்கொண்டவள், வீடு திரும்ப ஆடிப் புதுவெள்ளத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.