புதுப்பிப்பு: பாட்டி ஒருவரா, இருவரா? விடை கிடைத்தது

போன மாதம் கேட்டிருந்தேன். ராயபுரம் ரயில்வேயில் வேலை பார்த்த எங்கள் ஆங்கிலோ இந்திய முப்பாட்டனார் 1862இல் மணந்த பெண்ணுக்கு, தேவாலயத் திருமணப் பதிவுகளின் பெயர்ப் பட்டியலில் ஒரு குடும்பப் பெயர். கல்லறையிலோ "இன்னாரின் மகள்" என்று வேறு குடும்பப் பெயர். இரண்டு மனைவியரோ என்று குழம்பியிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டு பேர் இல்லை, ஒரே பாட்டிதான்.

"பெயர்ப் பட்டியலை நம்பாதீர்கள், பதிவின் படத்தையே பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. மெட்ராஸ் மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் அந்தக் காலத்திலேயே லண்டனுக்குப் போயின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற ஆவண வரிசையில் இருக்கின்றன. அதில் 1862 திருமணப் பதிவு இருக்கும் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணமகள் பெயருக்கு அடுத்த கட்டத்தில், மங்கிய மையில், "விதவை". தந்தை பெயர்க் கட்டத்தில் கல்லறையில் இருக்கும் அதே பெயர்! பட்டியலில் வந்திருந்தது முதல் கணவரின் குடும்பப் பெயர். பட்டியல் தயாரித்தவர்கள் இந்த இரண்டு கட்டங்களையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்தப் பெயரை வைத்துப் பின்னோக்கித் தேடினேன். 1857இல் முதல் திருமணம், 1860இல் அந்தக் கணவரின் அடக்கம், இரண்டும் கிடைத்தன.

எதிர்பாராத ஒன்றும் இருந்தது. இடையில் 1859இல் ஒரு பெண் குழந்தையின் ஞானஸ்நானம். முப்பாட்டனாரின் மூத்த மகள் என்று நாங்கள் நினைத்திருந்தவர் அவர்தான். முப்பாட்டனார் அவரைத் தன் பெயரிலேயே வளர்த்திருக்கிறார். அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.