புதுப்பிப்பு: டாக்ரோலிமஸும் கிளாரித்ரோமைசினும்
சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் சாப்பிடும் தம்பிக்கு, வேறொரு மருத்துவர் நெஞ்சுச் சளிக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதித் தந்ததைச் சொல்லி, இரண்டையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தேன். சிறுநீரக மாற்று சிகிச்சை மருத்துவர் கூடவே கூடாது என்றுவிட்டார்.

கல்லீரலிலும் குடலிலும் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியைக் கிளாரித்ரோமைசின் முடக்கிவிடுகிறது. மாத்திரையைக் கூட்டாமலே இரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். கை நடுக்கம், சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் உயர்வு, கடைசியில் போராடிப் பெற்ற சிறுநீரகத்துக்கே சேதம்! காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேர்மாறு: டாக்ரோலிமஸ் அளவைச் சரித்து, உறுப்பை உடல் நிராகரிக்க வழிவிடும்.

தம்பிக்கு அசித்ரோமைசின் என்ற வேறு ஆன்டிபயாட்டிக்கை மாற்றித் தந்திருக்கிறார். அதில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. ஆனாலும் காலை மாத்திரைக்கு முன்பே இரத்தம் எடுத்து டாக்ரோலிமஸ் அளவு பார்க்கிறார்கள். முதல் முடிவு சரியாக இருக்கிறது. டாக்ரோலிமஸை நாங்களாக நிறுத்தக் கூடாது என்று வற்புறுத்தியவர்களுக்கு மனமார்ந்த நன்றி.