ஏ.சி. அறையில் மெய்டன்ஹேர் பெரணி கருகுகிறது: பூச்சியா, தண்ணீரா?

கேள்வி (சென்னை_பால்கனி):
அடியாண்டம் டெனெரம் (மெய்டன்ஹேர் பெரணியில் ஒரு வகை), 5 அங்குல பிளாஸ்டிக் தொட்டி, கிழக்கு ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. இரவில் ஏ.சி. ஓடும். தினமும் இலைமேல் தண்ணீர் தெளிக்கிறோம். தொட்டிக்கு வாரம் இருமுறை போர் தண்ணீர். இலை நுனிகள் மொறமொறவென நொறுங்குகின்றன. சில இலைகளின் அடியில், ஓரத்தை ஒட்டிப் பழுப்புக் கோடுகள். வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

இலைமட்கு:
அடிக்காதீர்கள். எண்ணெயும் சோப்புக் கரைசலும் இந்த மெல்லிய இலையைக் கருக்கிவிடும். இலையோரம் அடிப்பக்கமாக மடிந்து, மடிப்புக்குள் பழுப்பாக இருந்தால் அவை பெரணியின் வித்துகள் (ஸ்போர்கள்), பூச்சியல்ல. நகத்தால் மடிப்பை நிமிர்த்திப் பாருங்கள், பொடி ஒட்டும். செதில் பூச்சி என்றால் காம்பிலும் தாறுமாறாக ஒட்டியிருக்கும், சுரண்டினால் பெயர்ந்து வரும்.

கருகலுக்குக் காரணம் வேர் காய்வதுதான். மேல்மண்ணைத் தொட்டால் எப்போதும் விரலில் ஈரம் பட வேண்டும். காய்ந்து சுருங்கிய மண்ணில் மேலே ஊற்றினால் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். தொட்டியை வாளித் தண்ணீரில் 20 நிமிடம் வைத்து, நன்றாக வடிய விடுங்கள். காய்ந்த இலைகளை மண்ணை ஒட்டி வெட்டுங்கள். சுருண்ட துளிர்களைத் தொடாதீர்கள். இலை குறைந்த செடி தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். பழைய அளவிலேயே ஊற்றினால் வேர்த்தண்டு அழுகும்.

கோவை_பெரணி:
போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) பாருங்கள். சுண்ணாம்பால் பெரிய கேடில்லை. ஃப்ளோரிடாவிலும் கரீபியன் தீவுகளிலும் இது சுண்ணாம்புப் பாறையிலேயே வளர்கிறது. நுனியைக் கருக்குவது உப்பு. மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள், ஆர்.ஓ. கழிவுநீர் கூடவே கூடாது.

தொட்டி மாற்றும்போது: கோகோபீட்டிலும் (தேங்காய் நார்த்தூள்) உப்பு இருக்கும், மூன்று முறை அலசிப் பிழியுங்கள். கலவைக்கு அது 2 பங்கு, இலைமட்கு 1, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) 1, ஒரு டீஸ்பூன் கிளிஞ்சல் தூள். தொட்டி 6 அங்குலம் போதும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கும். வேர்த்தண்டை ஆழப் புதைக்காதீர்கள். உரம், புதிய இலைகள் விரிந்த பிறகு: 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள உரம்) லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை.

நிழல்வலை:
தெளிப்பதால் பயன் குறைவு, ஏ.சி. ஓடும் அறையில் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். ஏ.சி.யை 24 டிகிரியில் வைத்தாலும் அந்தக் குளிர் இதற்குப் பிரச்சினையில்லை. வறண்ட காற்று நேராக அடிப்பதுதான் பிரச்சினை. இரவில் வெளிச்சமுள்ள வேறு அறைக்கு மாற்றுங்கள், அல்லது பழைய கண்ணாடி மீன்தொட்டிக்குள் வைத்து வாயை முக்கால்வாசி மூடுங்கள். காலை வெயில் நேரே பட்டால் மெல்லிய திரை போடுங்கள்.

இன்னொன்று: வாங்கியது டெனெரம்தானா? நர்சரிகளில் ராடியானம் என்ற இன்னொரு மெய்டன்ஹேர் வகையையும் இதே பெயரில் கொடுப்பார்கள். சிற்றிலை காம்போடு சேருமிடத்தைப் பாருங்கள். காம்பின் கருமை அந்த மூட்டிலேயே சட்டென நின்றால் டெனெரம். இலைக்குள் சற்று ஏறியிருந்தால் ராடியானம். டெனெரத்தில் முதிர்ந்த சிற்றிலைகள் அந்த மூட்டில் கழன்று உதிர்வது இயல்பு, அதற்காகத் தண்ணீரைக் கூட்ட வேண்டாம்.