கிணற்றில் டீசல் மணம்: தண்ணீரை எங்கே பரிசோதிக்கலாம்?

வணக்கம். நாங்கள் ஓமந்தைப் பக்கம். பக்கத்துக் காணியில் முன்பு நெல் ஆலை ஓடியது. அதன் டீசல் தாங்கி இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. இந்த மாரி முடிந்ததில் இருந்து எங்கள் கிணற்றில் டீசல் மணம்.

வாளியில் அள்ளினால் மேலே வானவில் நிறத்தில் படலம். இரும்புள்ள தண்ணீரில் இதேமாதிரி மினுங்கும் இரும்புப் பாசியாக இருந்தால் குச்சியால் தொட்டதும் சில்லுச் சில்லாக உடையும்; இது விலகிவிட்டுத் திரும்பவும் சேர்கிறது.

மேசனைக் கூப்பிட்டுத் தண்ணீர்க் குழாயால் தரைமட்டம் பிடித்து, மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்தோம். ஆலைக்கு அருகே உள்ளது உயர்வு, எங்களுடையது தாழ்வு. அப்படியென்றால் நிலத்தடி நீர் எங்கள் பக்கம்தான் வருகிறது.

அம்மா "இறைச்சுவிட்டால் சரியாப்போகும்" என்கிறா. இறைக்க இறைக்க எண்ணெயையும் இழுத்துவருமோ என்று எனக்குப் பயம். குடிக்க பௌசர் தண்ணீர்தான். கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், அது கிருமிக்குத்தான்.

மொத்த ஹைட்ரோகார்பனும் (தண்ணீரில் கலந்த எண்ணெயின் மொத்த அளவு) பென்சீனும் (எரிபொருளில் இருக்கும் நச்சுப் பொருள்) பார்க்கிற ஆய்வுகூடம் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறதா? செலவு எவ்வளவு வரும்? பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம், அவ்வளவு நுணுக்கமாக அளக்கவேண்டும். கண்ணாடிப் போத்தலில் காற்றிடமே இல்லாமல் நிரப்பி ஐஸில் கொண்டுபோகவேண்டும் என்று தெரியும். போத்தல் அவர்களே தருவார்களா?

அப்புறம், தாங்கியைச் சுற்றி மண் எடுக்க எவ்வளவு ஆழம் துளைக்கவேண்டும்? இங்கே கொஞ்சம் தோண்டினாலே உக்கல் பாறை. செய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.